டெபியன் சர்வரில் நெட்வொர்க் கார்டு ஓடவில்லையா? டிரைவரைத் தேடிப் போகும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு சின்ன அலுவலகத்துக்காகப் பழைய டெஸ்க்டாப் ஒன்றை டெபியன் சர்வராக மாற்றும்போது, நெட்வொர்க் கார்டு என்னை நன்றாகவே அலைக்கழித்தது. தேடிக் கிடைத்த யோசனைகளில் பாதிக்கு மேல் ‘டிரைவரை டவுன்லோடு செய்து போடுங்கள்’ என்றே தொடங்கின. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது நேர் எதிர்: டிரைவர் போடுவது கடைசி வேலை. உங்கள் கார்டுக்கான டிரைவர் பெரும்பாலும் லினக்ஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) ஏற்கெனவே இருக்கும். கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை கொஞ்சம்தான். கார்டே தெரியவில்லையா, டிரைவர் பிடிக்கவில்லையா, ஃபர்ம்வேர் (கார்டின் சிப்புக்குள் ஏற்றும் கோப்பு) இல்லையா, பெயர் மாறிவிட்டதா, கேபிள் போயிற்றா? இந்த வரிசையில் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

இதில் சொல்வது டெபியன் 12, 13 இரண்டுக்கும் பொருந்தும். முதலாவது 2023 ஜூனில் 6.1 கெர்னலோடும், இரண்டாவது 2025 ஆகஸ்டில் 6.12 கெர்னலோடும் வந்தவை. கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. கையில் என்னென்ன வேண்டும்

சர்வர் முன்னால் ஒரு மானிட்டரும் கீபோர்டும் வேண்டும். நெட்வொர்க் கார்டையே நோண்டப்போகிறோம் என்பதால் எஸ்எஸ்எச் வழியாக வேறு ஊரில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். ஐபிஎம்ஐ, ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலைக் கன்சோல் உள்ள சர்வர் என்றால் பரவாயில்லை, அது தனி வழியில் போவதால் பெரும்பாலும் துண்டிக்கப்படாது.

அடுத்து, மதர்போர்டின் கையேடு. பிடிஎஃப் போதும். அதில் இரண்டு விஷயம் பாருங்கள்: போர்டிலேயே இருக்கும் லேன் சிப் எது, எந்த பிசிஐ ஸ்லாட் எந்த எம்.2 ஸ்லாட்டோடு தரவுப் பாதைகளைப் பகிர்கிறது. எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒரு பிசிஐ ஸ்லாட் அணைந்துவிடும் போர்டுகள் நிறைய உண்டு. கையேட்டில் ஒரு சின்ன அடிக்குறிப்பாகத்தான் இது இருக்கும்.

ஒரு பென் டிரைவ், ஒரு ஆண்ட்ராய்டு போன், அதன் டேட்டா கேபிள், நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஈதர்நெட் கேபிள். இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை.

தொடங்கும் முன், நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் ‘/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’ கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் (டெபியன் மேல் ஓடும் மெய்நிகர் கணினி மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் முழுவதும் அந்த ஒரு கோப்பை நம்பித்தான் இருக்கிறது.

இன்னொன்று. டெபியனில் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) மாற வெறும் ‘எஸ்யு’ என்று அடித்தால் போதாது. ‘எஸ்யு’, ஒரு இடைவெளி, ஒரு ஹைஃபன் என்று அடியுங்கள். ஹைஃபன் இல்லாவிட்டால், டிரைவரை ஏற்றும் ‘மாட்புரோப்’ கட்டளையை அடித்தாலும் ‘கட்டளை இல்லை’ என்றே பதில் வரும். அதைப் பார்த்து சிஸ்டமே கெட்டுப்போனதாக நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு. ரூட்டின் கட்டளைகள் இருக்கும் ‘எஸ்பின்’ கோப்புறை, கட்டளைகளைத் தேடும் பாதையில் சேரவில்லை, வேறொன்றும் இல்லை.

2. கார்டு கண்ணில் படுகிறதா

ரூட்டாக ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று அடியுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று இருக்கும் பத்தியை மட்டும் பாருங்கள். வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் கோலன் நடுவில் வைத்து இரண்டு எண்கள் இருக்கும். அதுதான் கார்டின் உண்மையான அடையாளம். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி எதைத் தேடினாலும் இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள், பெட்டியின் மேல் இருக்கும் விளம்பரப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் கார்டுக்குள் இந்த வருடம் ஒரு சிப்பும் அடுத்த வருடம் வேறொரு சிப்பும் இருக்கலாம்.

முதல் எண் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம், 15பி3 என்றால் மெல்லனாக்ஸ். இரண்டாவது எண் சிப். உதாரணத்துக்கு 10ஈசி:8168 என்பது பெரும்பாலான மலிவு போர்டுகளில் இருக்கும் ரியல்டெக் கிகாபிட் சிப், 10ஈசி:8125 அதன் 2.5 கிகாபிட் தம்பி.

பட்டியலில் கார்டே இல்லையென்றால் டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இயங்குதளத்துக்கும் இந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை. பயாஸுக்குள் போய் ‘ஆன்போர்டு லேன்’ அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். தனிக் கார்டு என்றால் கழற்றி வேறு ஸ்லாட்டில் போடுங்கள். அப்புறம், சர்வரை அணைத்து மின் கேபிளையே சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நெட்வொர்க் கார்டுக்கு, கணினி அணைந்திருக்கும்போதும் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் வெறும் ரீபூட்டில் அது முழுசாக அணைவதில்லை. தொங்கிப்போன சிப் சில சமயம் இதிலேயே எழுந்துவிடும்.

3. டிரைவர் பிடித்திருக்கிறதா

அதே பத்தியின் கீழே இரண்டு வரிகள் முக்கியம். ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்பது இப்போது கார்டைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவர். ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்பது இந்தக் கார்டுக்குப் பொருந்தும் என்று கெர்னலுக்குத் தெரிந்தவை.

இரண்டு வரியும் இருந்தால் டிரைவர் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. நேராக 4-க்குப் போங்கள்.

இரண்டாவது மட்டும் இருந்து முதலாவது இல்லையென்றால், டிரைவர் இருக்கிறது, ஏறவில்லை. ஒன்று, ஏற முயன்று தோற்றிருக்கிறது. அதன் காரணத்தை அடுத்த படியில் கெர்னலே சொல்லும். இல்லாவிட்டால் யாரோ அதைத் தடைப்பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ‘/இடிசி/மாட்புரோப்.டி’ கோப்புறையில் உள்ள கோப்புகளில் ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய சர்வரை வேறு யாரிடமிருந்தாவது வாங்கி நடத்துபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

இரண்டு வரியுமே இல்லையென்றால் உங்கள் கெர்னலுக்கு அந்த சிப்பைத் தெரியாது. மேலே சொன்ன 8125 சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்8169 என்ற டிரைவர் அதை ஏற்கத் தொடங்கியது 2019-இல் வந்த 5.4 கெர்னலில். டெபியன் 10-இன் கெர்னல் 4.19. எனவே அங்கே அந்தக் கார்டு ஓடாது. டெபியன் 11-இன் 5.10 கெர்னலுக்கு மாறினாலே ஓடும். இப்படிப்பட்ட நேரத்தில் வெளி டிரைவரைக் கட்டி இழுப்பதைவிடப் புதிய கெர்னலுக்குப் போவதுதான் நல்லது. டெபியன் 12-இல் இருந்துகொண்டே புதிய கெர்னல் வேண்டுமென்றால் புதிய பதிப்புத் தொகுப்புகளைப் பழைய டெபியனுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து ‘லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64’ தொகுப்பை எடுக்கலாம். பத்து நிமிட வேலை, ஒரு ரீபூட்.

எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் என்று ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. இன்டெல்லில் ஐ219, 82574 ஆகியவற்றுக்கு ஈ1000ஈ, ஐ210, ஐ350-க்கு ஐஜிபி, ஐ225, ஐ226-க்கு ஐஜிசி, 10 கிகாபிட் எக்ஸ்520-க்கு ஐஎக்ஸ்ஜிபிஈ, எக்ஸ்710-க்கு ஐ40ஈ. பிராட்காமில் டிஜி3, பிஎன்எக்ஸ்2, பிஎன்எக்ஸ்2எக்ஸ் மூன்றும் அதிகம் கண்ணில் படும். மெல்லனாக்ஸில் கனெக்ட்எக்ஸ்-3 என்றால் எம்எல்எக்ஸ்4, கனெக்ட்எக்ஸ்-4-இலிருந்து எம்எல்எக்ஸ்5.

4. கெர்னல் என்ன சொல்கிறது: ஃபர்ம்வேர்

‘டிமெஸ்ஜி’ கட்டளைதான் உங்கள் சாட்சி. டெபியனில் ரூட் இல்லாமல் இதைப் பார்க்க முடியாது. வெளியீடு ஓடிக்கொண்டே போகும் என்பதால் ‘கிரெப்’ போட்டு உங்கள் டிரைவரின் பெயரை வடிகட்டிப் பாருங்கள். அப்புறம் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை வடிகட்டிப் பாருங்கள்.

டிரைவர் என்பது கெர்னலுக்குள் ஓடும் நிரல். ஃபர்ம்வேர் என்பது கார்டின் சிப்புக்குள் ஏற்றப்படும் சின்னக் கோப்பு. டிரைவர் திறந்த மூலமாக இருந்தாலும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அதனால்தான் டெபியன் அதைப் பல வருடம் தனியே ஒதுக்கி வைத்திருந்தது. டெபியன் 12-இலிருந்து ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று ஒரு பகுதியே தனியாக வந்து, அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலும் சேர்ந்துவிட்டது. புதிதாக 12-ஐயோ 13-ஐயோ இன்ஸ்டால் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

மாட்டிக்கொள்பவர்கள் டெபியன் 11-இலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள். முன்பு ஃபர்ம்வேர் ‘நான்-ஃப்ரீ’ பகுதியில் இருந்தது. தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் உங்கள் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பில் பழைய பெயர் மட்டும் இருந்தால் ஃபர்ம்வேர் தொகுப்புகள் புதுப்பிக்கப்படாமல் பழையபடியே கிடக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தக் கோப்பைத் திறந்து வரிகளின் முடிவில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ சேர்த்துவிட்டு, ‘ஏபிடி அப்டேட்’ கொடுங்கள்.

ரியல்டெக் என்றால் ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ தொகுப்பு. பிராட்காமின் பிஎன்எக்ஸ்2 குடும்பத்துக்கு ‘ஃபர்ம்வேர்-பிஎன்எக்ஸ்2’. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரியல்டெக் கார்டு ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடும். டிமெஸ்ஜியில் ‘ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை’ என்று முடிவில் கழித்தல் 2 போட்டு ஒரு வரி வரும், லிங்க் மட்டும் அவ்வப்போது தடுமாறும். கழித்தல் 2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். பிஎன்எக்ஸ்2 அப்படியில்லை. ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் போர்ட் எழவே எழாது. டெல் பவர்எட்ஜ் ஆர்710 போன்ற பழைய சர்வர்களில் இருப்பது இந்த வகை பிராட்காம் சிப்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் சந்திப்பார்கள்.

தொகுப்பைப் போட்டதும் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ (கணினி தொடங்கும்போது கெர்னலோடு ஏறும் கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்து ரீபூட் செய்யுங்கள். அப்போது ‘இந்த ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம்’ என்று நாலைந்து எச்சரிக்கை வரிகள் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த டிரைவர் ஆதரிக்கும் எல்லா சிப்புக்கும் சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கை அது. உங்கள் சிப்பின் பெயர் அதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

5. இணையமே இல்லாமல் தொகுப்பை எப்படி இறக்குவது

நெட்வொர்க் கார்டைச் சரிசெய்ய நெட்வொர்க் வேண்டும். புதியவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். வழி மூன்று உண்டு.

எனக்குப் பிடித்தது போன். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சர்வரோடு இணைத்து, போனின் அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள் இதற்கு ஆகாது, டேட்டா கேபிள் வேண்டும். ‘ஐபி -பிஆர் லிங்க்’ அடித்தால் பட்டியலில் ஒரு புதிய பெயர் முளைத்திருக்கும். யுஎஸ்பி0 என்றோ ஈஎன் என்று தொடங்கும் நீளமான பெயராகவோ இருக்கும். டெபியன் 12-இல் ‘டிஎச்கிளையன்ட்’ என்று அடித்து அந்தப் பெயரைக் கொடுங்கள். டெபியன் 13-இல் அதே வேலையை ‘டிஎச்சிபிசிடி’ செய்யும். சில நொடியில் இணையம் வந்துவிடும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே சர்வருக்குப் போகும், மொபைல் டேட்டா செலவாகாது.

இரண்டாவது, பென் டிரைவ். ஃபர்ம்வேர் தொகுப்புகள் வேறு எதையும் சார்ந்திருப்பதில்லை. வேறொரு கணினியில் டெபியனின் தொகுப்புப் பக்கத்திலிருந்து ‘டெப்’ கோப்பை இறக்கி, சர்வரில் ‘டிபிகேஜி -ஐ’ கொடுத்தால் முடிந்தது. ஆனால் கம்பைலர், கெர்னல் ஹெடர் (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) எல்லாம் தேவைப்படும் வேலைக்கு இந்த வழி வேண்டாம். ஒன்றை இறக்கினால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். பாதி நாள் போய்விடும்.

மூன்றாவது, யுஎஸ்பியிலிருந்து ஈதர்நெட்டுக்கு மாற்றும் அடாப்டர். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும். ரியல்டெக் 8153 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் டெபியன் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். சர்வர் வேலை பார்ப்பவர்கள் பையில் ஒன்று இருப்பது நல்லது.

6. கார்டு இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது

எல்லாம் ஓடிக்கொண்டிருந்த சர்வரில் ஒரு எஸ்எஸ்டியோ கிராஃபிக்ஸ் கார்டோ சேர்த்தீர்கள், அதிலிருந்து நெட்வொர்க் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் ‘டிரைவர் போய்விட்டது’ என்றே சொல்வார்கள். டிரைவர் எங்கும் போகவில்லை. ஈஎன்பி3எஸ்0 என்று இருந்த பெயர் ஈஎன்பி4எஸ்0 ஆகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெயரில் உள்ள எண் பிசிஐ பஸ் எண். புதிய கார்டு நடுவில் நுழைந்தால் பின்னால் உள்ளவற்றின் எண் நகரும். இன்டர்ஃபேசஸ் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

‘ஐபி -பிஆர் லிங்க்’ காட்டும் பெயரையும் கோப்பில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் கோப்பைத் திருத்தி ‘ஐஎஃப்அப்’ கொடுங்கள். ஐந்து நிமிடம்.

இனி மாறாமல் இருக்க, கார்டுக்கே உரிய வன்பொருள் எண்ணான மேக் முகவரியோடு பெயரைக் கட்டிவிடலாம். ‘/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்’ கோப்புறையில் ‘10-லேன்0.லிங்க்’ என்று ஒரு கோப்பு. அதில் ‘மேட்ச்’ என்ற பகுதியின் கீழ் ‘மேக்அட்ரஸ்’ சமக்குறி உங்கள் முகவரி. ‘லிங்க்’ என்ற பகுதியின் கீழ் ‘நேம்’ சமக்குறி லேன்0. பகுதிகளின் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்க வேண்டும், அவற்றின் முதல் எழுத்தும் ‘நேம்’ என்பதன் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. ‘மேக்அட்ரஸ்’ என்பதில் ‘மேக்’ முழுவதும், ‘அட்ரஸ்’ என்பதன் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. ஈத்0 என்று பெயர் வைக்காதீர்கள். கெர்னலே அந்தப் பெயரைக் கொடுக்கும் என்பதால் மோதல் வரும். இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் லேன்0 என்று மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பித்து, ரீபூட்.

டெபியனின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மேம்படுத்தும்போதும் பெயர் மாற வாய்ப்புண்டு. தொலைவில் இருக்கும் சர்வரை மேம்படுத்தும் முன்னால் இந்தக் கோப்பை எழுதி வைத்துவிடுங்கள்.

7. கேபிள்

‘ஈத்டூல்’ அடித்து கார்டின் பெயரைக் கொடுங்கள். ‘லிங்க் டிடெக்டட்’ என்பதற்கு ‘நோ’ என்றால் முதலில் ‘ஐபி லிங்க் செட்’, கார்டின் பெயர், ‘அப்’ என்று அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்டர்ஃபேஸ் இறக்கி வைக்கப்பட்டிருந்தால் கேபிள் நன்றாக இருந்தாலும் ‘நோ’ என்றுதான் வரும்.

வேகம் 100 என்று காட்டினால் கேபிளையோ ஆர்ஜே45 முனையையோ சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரே ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் கார்டும் சுவிட்சும் பேசி 100-க்கு இறங்கிவிடும். ‘சர்வர் மெதுவாக இருக்கிறது, டிரைவர் சரியில்லை’ என்று வரும் புகாரில் இது நிறைய. ‘ஈத்டூல் -எஸ்’ என்பதில் அந்த எஸ்ஸைப் பெரிய எழுத்தாகப் போட்டால் எண்ணிக்கைகள் வரும். சிஆர்சி பிழை (தரவு சிதைந்து வந்ததன் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள்.

10 கிகாபிட் எக்ஸ்520 கார்டில் எஸ்எஃப்பி மாட்யூலை (கேபிளை இணைக்கும் செருகியை) செருகியதும் டிரைவர் ஏற மறுத்து, ‘ஆதரிக்கப்படாத மாட்யூல்’ என்று டிமெஸ்ஜியில் சொன்னால், ‘/இடிசி/மாட்புரோப்.டி’ கோப்புறையில் ஒரு கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் ஐஎக்ஸ்ஜிபிஈ அலவ்_அன்சப்போர்ட்டட்_எஸ்எஃப்பி=1’ என்று எழுதி இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பியுங்கள்.

8. ஓடிக்கொண்டே இருக்கும்போது விழும் கார்டு

இதுதான் மிகவும் படுத்தும் வகை. காலையில் நன்றாக இருக்கும், பேக்கப் தொடங்கியதும் போய்விடும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். அதனாலேயே காரணத்தைத் தேடாமல் ரீபூட் செய்து ஒப்பேற்றிக்கொண்டே காலம் போகும். ரீபூட் செய்யும் முன் கன்சோலில் உட்கார்ந்து டிமெஸ்ஜியின் கடைசி வரிகளைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். எந்தச் செய்தி என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

‘டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்’ என்று ஈ1000ஈ சொன்னால், அது இன்டெல் சிப்பில் பலரும் பார்த்திருக்கும் கோளாறு. பாக்கெட்டுகளை வெட்டும் வேலையைக் கார்டிடம் ஒப்படைப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். ‘ஈத்டூல் -கே’ (கே பெரிய எழுத்து), கார்டின் பெயர், ‘டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப்’. சிபியு கொஞ்சம் கூடுதலாக வேலை பார்க்கும், கிகாபிட் அளவில் அது பெரிதாகத் தெரியாது. இது ரீபூட் ஆனால் போய்விடும் என்பதால், சில நாள் ஓட்டிப் பார்த்து சரியென்று தெரிந்ததும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் அந்தக் கார்டின் பகுதியில் ‘போஸ்ட்-அப்’ என்று தொடங்கி இதே கட்டளையை எழுதிவிடுங்கள்.

‘நெட்டெவ் வாட்ச்டாக்’, ‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்’ என்று ரியல்டெக் டிரைவரின் பெயரோடு வந்தால் பிசிஐ மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் கெர்னல் அளவுருக்கள் இருக்கும் வரியில் ‘பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ சேர்த்து, ‘அப்டேட்-கிரப்’ கொடுத்து ரீபூட் செய்யுங்கள். மின்சாரம் சில வாட் கூடலாம், 24 மணி நேரமும் ஓடும் சர்வருக்கு அது ஏற்கத்தக்க விலை.

லிங்க் விழுவதும் எழுவதுமாக இருந்தால், குறிப்பாக ஐ225, ஐ226 கார்டுகளில், ‘ஈத்டூல் --செட்-ஈஈஈ’, கார்டின் பெயர், ‘ஈஈஈ ஆஃப்’ என்று அடித்து ஈதர்நெட் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

9. வெளி டிரைவர்: வேறு வழியே இல்லையென்றால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தும், சிப் புதியது, கெர்னல் டிரைவர் ஓடவில்லை அல்லது ஓடி விழுகிறது என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

தயாரிப்பாளர் தளத்திலிருந்து மூல நிரலை இறக்கிக் கையால் கம்பைல் செய்யாதீர்கள். அப்படிக் கட்டிய டிரைவர் அந்த நேரத்தில் ஓடும் கெர்னலுக்கு மட்டும்தான். பாதுகாப்புப் புதுப்பிப்பில் புதிய கெர்னல் வந்து, என்றோ ஒரு நாள் ரீபூட் ஆகும்போது நெட்வொர்க் இருக்காது. கம்பைல் செய்ததையே அப்போது மறந்திருப்பீர்கள்.

டெபியனிலேயே ‘ஆர்8168-டிகேஎம்எஸ்’, ‘ஆர்8125-டிகேஎம்எஸ்’ என்று தொகுப்புகள் ‘நான்-ஃப்ரீ’ பகுதியில் உண்டு. இது ஃபர்ம்வேர் பகுதி அல்ல, சோர்சஸ்.லிஸ்ட்டில் தனியாகச் சேர்க்க வேண்டும். டிகேஎம்எஸ் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிரைவரைத் தானே மறுபடி கட்டும். அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைப் போட்டு ஹெடர் இறக்கச் சொல்வார்கள். அடுத்த கெர்னலுக்கு ஹெடர் வராது, டிரைவர் கட்டப்படாது. ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ என்ற பொதுத் தொகுப்பை இறக்குங்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது ஹெடரும் கூடவே வரும். கட்டி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடித்தால் ‘இன்ஸ்டால்டு’ என்று வர வேண்டும்.

அடுத்து செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து உள்ள நிரலை மட்டும் ஏற்ற விடும் பாதுகாப்பு. ‘மாட்புரோப்’ கொடுத்ததும் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால், டிரைவர் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, அதன் கையெழுத்தை உங்கள் கணினி நம்பவில்லை. ‘மாக்யுடில் --இம்போர்ட்’ கொடுத்து ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்/மாக்.பப்’ கோப்பைச் சுட்டுங்கள். ஒரு கடவுச்சொல் கேட்கும், ஒரே ஒரு முறை பயன்படுத்தத்தான், எளிதாக வையுங்கள். ரீபூட் ஆனதும் நீலத் திரை வந்து, எதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில நொடி மட்டும் காத்திருக்கும். அந்த நேரத்தில் திரை முன் இருந்து விசையை அழுத்தி, ‘என்ரோல் மாக்’ தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மானிட்டரும் கீபோர்டும் வேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம். தரவு மையத்தில் இருக்கும் சர்வர் என்றால் தொலைக் கன்சோல் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

கடைசியாக, ஆர்8169 முந்திக்கொண்டு கார்டைப் பிடித்தால் வெளி டிரைவருக்கு வேலை இல்லை. அதைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். அதே சர்வரில் வேறொரு ரியல்டெக் கார்டும் இருந்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்வாங்க நினைத்தால் தொகுப்பை ‘பர்ஜ்’ செய்து, தடைப்பட்டியல் வரியை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும்.

10. கார்டையே மாற்றிவிடலாமா

மாற்றலாம், தயங்க வேண்டாம். ஒரு ரியல்டெக் சிப்போடு இரண்டு வார இறுதி மல்லுக்கட்டுவதற்கு, ஒரு ஐ210 அல்லது ஐ350 கார்டு வாங்கிச் செருகுவது மேல் என்பது என் கருத்து. ஐஜிபி டிரைவர் வருடக்கணக்காக அடிபட்டுத் தேறியது, தனி ஃபர்ம்வேர் தொகுப்பும் கேட்காது. சர்வர்களிலிருந்து கழற்றிய பழைய கார்டுகளே போதும். ஐ350-இல் போலிகள் உண்டு. புதிய கார்டு என்று சொல்லி நம்ப முடியாத விலைக்குக் கொடுத்தால் விலகிவிடுங்கள். சர்வர் பெட்டி சிறியதாக இருந்தால் கார்டைப் பெட்டியோடு பொருத்தும் குட்டையான உலோகப் பட்டை (லோ புரொஃபைல் பிராக்கெட்) கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

11. சரியானதும் செய்ய வேண்டியவை

இன்னொரு கணினியில் ‘ஐபெர்ஃப்3’ போட்டு வேகத்தை அளந்து பாருங்கள். கிகாபிட் கார்டு என்றால் நொடிக்கு 940 மெகாபிட் அளவிலும், 2.5 கிகாபிட் என்றால் 2.35 கிகாபிட் அளவிலும் வர வேண்டும். அரை மணி நேரம் விடாமல் ஓட விடுங்கள். விழும் கார்டு பெரும்பாலும் இந்தச் சுமையில் விழுந்துவிடும்.

பிறகு ஒரு முறை ரீபூட், ஒரு முறை மின்சாரத்தையே துண்டித்து ஏற்றுவது. இரண்டிலும் தானே எழுந்து வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். கார்டின் எண், டிரைவர், ஃபர்ம்வேர் பதிப்பு மூன்றையும் ‘ஈத்டூல் -ஐ’, ‘எல்எஸ்பிசிஐ’ வெளியீட்டிலிருந்து ஒரு கோப்பில் சேமித்து, சர்வருக்கு வெளியே வையுங்கள்.

பழைய கெர்னலை உடனே நீக்கிவிடாதீர்கள். புதுப்பிப்புக்குப் பிறகு நெட்வொர்க் போனால், கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றினால் சர்வர் இரண்டு நிமிடத்தில் வேலைக்கு வந்துவிடும். என்ன ஆயிற்று என்பதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.